ஈயம் ஒட்டாத பழைய சால்டரிங் அயர்ன்: தூக்கிப் போடுவதற்கு முன்

பழைய சாமான் பெட்டியில் கிடந்த சால்டரிங் அயர்னை (ஈயம் உருக்கி எலக்ட்ரானிக்ஸ் இணைப்புகளை ஒட்டும் கருவி) சூடேற்றிப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம். முனை கரிக்கட்டை போலக் கறுத்திருக்கும். சால்டர் கம்பியை (பேச்சுவழக்கில் ஈயம்) அதன்மேல் வைத்தால் உருகும், ஆனால் ஒட்டாது. சின்ன உருண்டையாகத் திரண்டு, தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு மேஜையில் விழும். இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்ப்போம். போர்டு கருகும், இணைப்பு மட்டும் வராது. கடைசியில் "இது செத்துப்போச்சு" என்று மறுபடி பெட்டிக்குள் போட்டுவிடுவோம்.

அது சாகவில்லை. சூடு வருகிறதென்றால் உள்ளே இருக்கும் எலிமென்ட் வேலை செய்கிறது. கெட்டது முனையின் மேல்தோல் மட்டும். ஈயம் சுத்தமான உலோகத்தில்தான் பிடிக்கும். துருவிலும் கரியிலும் பிடிக்காது. செம்போ இரும்போ, 300 டிகிரிக்கு மேல் காற்றுப்பட்டு நின்றால் நிமிடக்கணக்கில் ஆக்சைடு படியும். பழைய அயர்னை மீட்பது என்பது அந்தப் படிவை எடுத்துவிட்டு, மறுபடி காற்றுப்படாமல் ஈயத்தால் மூடுவது. இந்தக் கட்டுரை முழுக்கச் சுற்றிச் சுற்றி அந்த ஒரு வேலையில்தான் வந்து நிற்கும். ஆனால் முனைக்கு முன்னால் ஒயரைப் பார்க்க வேண்டும். முனை கெட்டிருந்தால் வேலைதான் கெடும். ஒயர் கெட்டிருந்தால் உயிருக்கே ஆபத்து.

செருகுவதற்கு முன்

கையில் கிடைத்ததும் பிளக்கில் செருகத்தான் ஆசை வரும். பொறுங்கள்.

முதலில் கண்ணால் பாருங்கள். ஒயரைக் கைப்பிடி அருகிலும் பிளக் அருகிலும் மெதுவாக வளையுங்கள். பழைய பிவிசி ஒயர் வருஷங்கள் ஆக ஆக விறைத்து, வளைத்தால் வெடிக்கும். சூடான முனை என்றோ பட்டு உருகிய தழும்புகளும் இருக்கலாம். ஓர் இடத்தில் செம்பு தெரிந்தாலும் ஒயர் முழுவதையும் மாற்ற வேண்டும். இன்சுலேஷன் டேப் சுற்றி ஒப்பேற்றுகிற வேலை சால்டரிங் அயர்னுக்கு ஆகாது. தவறிப் பட்டால் டேப்பும் உருகிவிடும்.

மிகப் பழைய கருவிகளில் ஓர் எச்சரிக்கை உண்டு. துணி சுற்றிய ஒயருக்குள்ளோ எலிமென்ட்டைச் சுற்றியோ வெள்ளை அல்லது சாம்பல் நிறத்தில் நார்நாராக ஏதாவது தெரிந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்க வாய்ப்புண்டு. அந்தக் காலத்தில் சூடு தாங்க அதைத்தான் வைத்தார்கள். அதைப் பிய்க்கவோ ஊதவோ வேண்டாம். அப்படிப்பட்ட கருவியைப் பையில் போட்டுக் கட்டி ஒதுக்கிவிடுங்கள். அது அலமாரியில் அழகுப் பொருளாக இருக்கக்கூட லாயக்கில்லை.

அடுத்தது மல்டிமீட்டர். பிளக்கை எங்கும் செருகாமல் மூன்று அளவுகள் எடுக்க வேண்டும்.

ஒன்று, பிளக்கின் லைன், நியூட்ரல் கால்களுக்கு இடையே ஓம். எவ்வளவு வர வேண்டும் என்பதை நீங்களே கணக்குப் போடலாம்: வோல்ட்டேஜை வோல்ட்டேஜால் பெருக்கி வாட்டால் வகுக்க வேண்டும். 230 வோல்ட், 25 வாட் அயர்ன் என்றால் 52,900ஐ 25ஆல் வகுக்க 2,116 ஓம். 60 வாட் என்றால் சுமார் 880 ஓம். நிக்ரோம் கம்பி சுற்றிய பழைய எலிமென்ட் இந்தக் கணக்குக்குப் பக்கத்தில் காட்டும். செராமிக் எலிமென்ட் குளிர்ந்திருக்கும்போது இதைவிட வெகுவாகக் குறைத்துக் காட்டும்; சூடேறினால்தான் அதன் ஓம் உயரும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். மீட்டர் எதையுமே காட்டாவிட்டால் ஒயர் அறுந்திருக்கிறது, இல்லையென்றால் எலிமென்ட் போய்விட்டது. கைப்பிடியைத் திறந்து எலிமென்ட்டின் இரண்டு முனைகளிலும் நேராக அளந்தால் எது என்று தெரிந்துவிடும். பத்தில் பாதி தடவை ஒயர்தான், அதுவும் கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில்தான் அறுந்திருக்கும் என்பது என் அனுபவம்.

இரண்டு, எர்த் காலுக்கும் முனைக்கும் இடையே. இங்கே ஓரிரு ஓமுக்குமேல் வரக்கூடாது. அதிகமாக வந்தால் முனையில் படிந்த ஆக்சைடும் காரணமாக இருக்கலாம். முனை உட்கார்ந்திருக்கும் உலோகக் குழாயில் லேசாகச் சுரண்டி மறுபடி அளந்து பாருங்கள்.

மூன்று, லைன் காலுக்கும் முனைக்கும் இடையே, பிறகு நியூட்ரல் காலுக்கும் முனைக்கும் இடையே, மீட்டரை அதிகபட்ச ஓம் அளவில் வைத்து. எதுவும் காட்டக்கூடாது. சில மெகா ஓம் காட்டினால் எலிமென்ட்டில் ஈரம் ஏறியிருக்கிறது. பல வருஷம் பெட்டியில் கிடந்தவற்றில் இது சகஜம். ஒருநாள் நல்ல வெயிலில் காயவிட்டு மறுபடி அளந்தால் சரியாகியிருக்கும். சில கிலோ ஓம் காட்டினால் அந்த எலிமென்ட்டை நம்ப வேண்டாம். மல்டிமீட்டர் சில வோல்ட்டில்தான் சோதிக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) இருந்தால் ஒரு தடவை அதில் பார்த்துவிடுவது நிம்மதி.

இரண்டு கால் பிளக்கோடு, எர்த் இல்லாமல் வந்த பழைய அயர்ன்களும் உண்டு. அவற்றில் ஷாக் அடிக்காவிட்டாலும், எலிமென்ட்டுக்கும் முனைக்கும் இடையே இருக்கும் சிறு கெப்பாசிட்டன்ஸ் வழியாக முனையில் பத்துக்கணக்கான வோல்ட் தெரியும். ரெசிஸ்டருக்கும் எல்இடிக்கும் அது ஒன்றும் செய்யாது. மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டரின் கேட் காலுக்கு அது எமன். உலோகக் குழாயோடு எர்த் சேர்க்க வழி இருந்தால் ஒயரை மாற்றும்போதே மூன்று கோர் ஒயராகப் போட்டுவிடுங்கள்.

ஒயர் மாற்றும்போது

பிவிசி ஒயரைவிட சிலிக்கான் உறை போட்ட ஒயர் பல மடங்கு மேல். சூடான முனை தெரியாமல் பட்டாலும் உருகாது. மேஜையில் விறைத்துக்கொண்டு கையை இழுக்காது. ஒரு நாள் அதை வைத்து வேலை பார்த்துவிட்டால் பழையதற்குத் திரும்ப மனம் வராது.

கைப்பிடிக்குள் எலிமென்ட்டின் கம்பியும் ஒயரும் சேரும் இடத்தில் சால்டர் செய்யாதீர்கள். சால்டரிங் அயர்னையே சால்டர் செய்யக்கூடாதா என்று சிரிப்பு வரும். ஆனால் சூடு பின்பக்கமும் வரும், இணைப்பு இளகும், தளரும். ஸ்க்ரூ டெர்மினலோ கிரிம்ப்போதான் அங்கே சரி. ஸ்க்ரூவுக்கு அடியில் போகும் நூல்கம்பிகளை முறுக்கினால் போதும், அதிலும் ஈயம் பூச வேண்டாம். அழுத்தத்தில் ஈயம் மெல்ல மெல்ல விலகிக்கொடுத்து ஸ்க்ரூ லூசாகிவிடும். செராமிக் மணிகளோ கண்ணாடி நூல் உறையோ இருந்தால் கழற்றியது போலவே திரும்பப் போடுங்கள். ஒயரைப் பிடித்து இழுத்தால் இழுப்பு கிளாம்பில் நிற்க வேண்டும், டெர்மினலுக்குப் போகக்கூடாது. எர்த் ஒயரை மற்ற இரண்டையும்விட ஒரு விரல்கடை நீளமாக விடுங்கள். என்றாவது கிளாம்ப் கைவிட்டு ஒயர் பிடுங்கிக்கொண்டால் கடைசியாக அறுவது எர்த்தாக இருக்கட்டும்.

மாற்றி முடித்ததும் மூன்று அளவுகளையும் மறுபடி எடுங்கள்.

முதல் சூடு

30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள இணைப்பில்தான் முதலில் செருக வேண்டும். அயர்னை ஸ்டாண்டில் வைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, கை படாமல் பத்து நிமிடம் விடுங்கள். பழைய எண்ணெயும் தூசும் எரிந்து கொஞ்சம் புகை வரும், ஓரிரு நிமிடத்தில் நின்றுவிடும். பிளாஸ்டிக் கருகும் வாடையோ, கைப்பிடியிலிருந்து புகையோ வந்தால் உடனே பிடுங்கிவிடுங்கள். ஆர்சிசிபி விழுந்தால் ஈரம் இன்னும் போகவில்லை. இன்னொரு நாள் காயவிடுங்கள். காய்ந்த பிறகும் விழுந்தால் எலிமென்ட்டை மாற்றுவதுதான் வழி. ஆர்சிசிபியைத் தவிர்த்து வேறு பிளக்கில் செருகிப் பார்ப்பது வழியல்ல.

தனிப் பெட்டியோடு வரும் பழைய சால்டரிங் ஸ்டேஷனாக இருந்தால் பின்பக்கத்தில் வோல்ட்டேஜ் செலக்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள். 110க்கு வைத்ததை 230இல் செருகினால் ஃபியூஸ் போகும், அதிர்ஷ்டம் இல்லையென்றால் டிரான்ஸ்ஃபார்மரும் கூடப் போகும்.

இறுகிப்போன முனை

முனையைக் கழற்றாமலே சுத்தம் செய்யலாம். ஆனால் ஒரு தடவையாவது கழற்றிவிடுவது நல்லது. முனைக்கும் குழாய்க்கும் நடுவில் கறுப்புச் செதில் அடைந்து, சூடு முனைக்குப் போவதைத் தடுக்கும். "வாட் இருக்கிறது, சூடு பத்தவில்லை" என்கிற புகாருக்குப் பெரும்பாலும் இந்தச் செதில்தான் காரணம்.

ஸ்க்ரூவை அவிழ்த்ததும் வந்துவிட்டால் சரி. வராவிட்டால் குறடால் பிடித்து முறுக்கத் தோன்றும். அங்கேதான் எலிமென்ட்டுகள் சாகின்றன. செராமிக் எலிமென்ட் சாக்பீஸ் மாதிரி. பக்கவாட்டில் ஓர் அசைவு போதும், உடைந்துவிடும். சூடேற்றி ஆறவிட்டு, சூடேற்றி ஆறவிட்டு, மூன்று நான்கு சுற்று பாருங்கள். செம்பும் எஃகும் வெவ்வேறு அளவில் விரிவதால் செதில் தானாக நெகிழும். ஆறிய நிலையில் குழாயை மரக்கட்டையால் லேசாகத் தட்டி, முனையை நேராக இழுங்கள். துரு இளக்கும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு இரவு முழுக்க வைக்கலாம். ஆனால் அடுத்த தடவை சூடேற்றும்போது புகையும், அதனால் வெளியில் வைத்துச் சூடேற்றுங்கள். வந்த பிறகு குழாயைக் கவிழ்த்துத் தட்டினால் கறுப்புப் பொடி கொட்டும். எனக்கு ஒரு தடவை கால் ஸ்பூன் கொட்டியது.

எதற்கும் மசியாமல் முனை எலிமென்ட்டோடு ஒன்றாகவே இறுகியிருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். கழற்றுகிறேன் என்று உடைப்பதைவிட இருந்த இடத்திலேயே சுத்தம் செய்து பயன்படுத்துவது மேல்.

முனை: காந்தத்தை எடுங்கள்

இந்த வேலையில் ஒன்றே ஒன்றை மட்டும் சொல்ல விட்டால் இதைத்தான் சொல்வேன்: அரத்தைத் தொடுவதற்கு முன் காந்தத்தை வைத்துப் பாருங்கள்.

முனைகளில் இரண்டு ஜாதி. ஒன்று வெறும் செம்பு; பழைய கம்பி எலிமென்ட் அயர்ன்களில் வருவது. இன்னொன்று செம்பின் மேல் இரும்புப் பூச்சு போட்டது. நுனி தவிர்த்த இடத்தில் குரோமியம் பளபளக்கும். கறுத்த பிறகு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஒரு சின்ன காந்தத்தை நூலில் கட்டி, ஆறிய முனையின் நுனி அருகே தொங்கவிடுங்கள். இழுத்தால் இரும்புப் பூச்சு. அசையாவிட்டால் செம்பு.

இவ்வளவு அலட்டல் ஏன்? வெள்ளீயம் செம்பைத் தின்னும். உருகிய சால்டரில் இருக்கும் வெள்ளீயம், அதாவது டின், செம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்ளும், தேநீரில் சர்க்கரை கரைவது போல. வெறும் செம்பு முனையில் வேலை செய்யச் செய்யக் குழி விழுவது அதனால்தான். சாவ்பிட் என்ற பெயரில் வந்த சால்டரில் வேண்டுமென்றே ஒன்றரை சதவீத அளவுக்குச் செம்பைக் கலந்து விற்றார்கள். ஏற்கனவே செம்பு உண்ட டின் முனையைக் குறைவாகத்தான் தின்னும் என்ற கணக்கு. இரும்பைக் கரைக்க டின்னுக்கு வெகுநாள் ஆகும். அதனால்தான் பின்னாளில் இரும்புப் பூச்சு வந்தது.

நான் கெடுத்த முதல் முனை இரும்புப் பூச்சு போட்டது. அப்போது எனக்கு இந்த வித்தியாசம் தெரியாது. கறுப்பு போகவில்லை என்று அரத்தால் ராவினேன். உள்ளே சிவப்பாகச் செம்பு தெரிந்ததும் "ஆஹா, இதுதான் சுத்தம்" என்று இன்னும் ராவினேன். அன்று மாலை ஈயம் அப்படிப் பிடித்தது, பெருமை தாங்கவில்லை. மூன்றாவது வாரம் நுனியில் ஊசி குத்தியது போல ஒரு துளை. ஐந்தாவது வாரம் இரும்புத் தோல் மட்டும் ஓடாக நிற்க, உள்ளே செம்பு கரைந்து பல் சொத்தை மாதிரி குழிந்துவிட்டது. அதற்கு மருந்து இல்லை. புது முனைதான்.

செம்பு முனை என்றால் அரம் தாராளமாகப் போடலாம். ஆறிய நிலையில் முனையைக் கழற்றிப் பிடியில் பிடித்து, குழிகள் மறையும் வரை ராவுங்கள். கூர் வேண்டாம், இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் உளி போலத் தட்டையாக முடியுங்கள். கடைசியில் நைசான உப்புத்தாள். பிறகு திருப்பி மாட்டி சுவிட்சைப் போட்டுவிட்டு, பக்கத்திலேயே சால்டரோடு உட்காருங்கள். எழுந்து போய்விடாதீர்கள். செம்பு ரோஜா நிறத்திலிருந்து பழுப்பாகி, நீலமாகி, கறுப்பாகப் போகும் முன் ஈயம் அதன்மேல் ஏறிவிட வேண்டும். சுவிட்ச் போட்ட ஒரு நிமிடத்திலிருந்தே சால்டர் கம்பியால் நுனியைத் தொட்டுக்கொண்டே இருங்கள். முதலில் கம்பி வழுக்கும். பிறகு கம்பிக்குள் இருக்கும் ரோசின் (பைன் பிசின்) மட்டும் இளகி ஈரமாகப் படரும். அடுத்த நொடி கம்பி சட்டென்று இளகி, வெள்ளிப் பூச்சு மாதிரி நுனி முழுக்கத் தானாக ஓடும். உருண்டையாக நிற்காமல் பரவுகிறதே, அதுதான் அடையாளம். பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதும் இதே கதைதான்.

இரும்புப் பூச்சு முனைக்குப் பொறுமை வேண்டும். வெப்பம் மாற்ற முடிகிற கருவி என்றால் 250 முதல் 300 டிகிரிக்குள் வையுங்கள். அதிகச் சூடு வேலையைச் சீக்கிரம் முடிக்கும் என்று நினைக்காதீர்கள், ஆக்சைடைத்தான் சீக்கிரம் வளர்க்கும். பித்தளைச் சுருளில் முனையைக் குத்தி எடுங்கள், உடனே ஃப்ளக்ஸில் (ஆக்சைடை நீக்கி ஈயம் பிடிக்க உதவும் பசை) தொடுங்கள், உடனே சால்டரை நிறைய உருக்கி மேலே மூடுங்கள், சில நொடி விடுங்கள், மறுபடி சுருளில் துடையுங்கள். பத்துப் பதினைந்து தடவை. முதலில் ஓர் ஓரத்தில் கடுகளவு வெள்ளி தெரியும். அது தெரிந்துவிட்டால் ஜெயித்த மாதிரி. ஒவ்வொரு சுற்றிலும் அந்த வெள்ளி அகலும்.

அப்படியும் மசியாவிட்டால் டிப் டின்னர் என்று சின்ன டப்பாவில் வரும் பசையில் சூடான முனையைத் தொட்டுத் துடைக்கலாம். பழைய ஆட்கள் நவச்சாரக் கட்டியில் தேய்ப்பார்கள். அமோனியம் குளோரைடு, பிரமாதமாகச் சுத்தம் செய்யும், ஆனால் புகை மூக்கை எரிக்கும், மிச்சம் இருந்தால் முனையையும் போர்டையும் அரிக்கும். செம்பு முனைக்கு மட்டும், வெளியில் வைத்து, எப்போதாவது என்றால் ஆட்சேபணை இல்லை. இரும்புப் பூச்சு முனைக்கு வேண்டாம். எல்லாம் தோற்றால் மட்டும் மிக நைசான உப்புத்தாளால் கறுப்பை இரண்டே இழுப்பு, அதற்குமேல் இல்லை. செம்புச் சிவப்பு எட்டிப் பார்த்தால் ஆட்டம் முடிந்தது.

பழைய சால்டர், பழைய ஃப்ளக்ஸ்

பெட்டியில் அயர்னோடு கிடக்கும் சால்டர் சுருள் பெரும்பாலும் உதவும். மேலே சாம்பல் படிந்திருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் உருவிவிடுங்கள். ஒரு துண்டு வெட்டி, வெட்டிய முகத்தை உற்றுப் பாருங்கள். நடுவில் கண்ணாடி போல ஒரு புள்ளியோ பல புள்ளிகளோ தெரிந்தால் உள்ளே ஃப்ளக்ஸ் இருக்கிறது. இல்லாவிட்டால் வெறும் கம்பி, தனியாக ஃப்ளக்ஸ் வேண்டும். உருக்கும்போது பைன் பிசின் வாசனை வந்தால் ரோசின். மூக்கை அரிக்கும் காரநெடி வந்தால் ஆசிட் ஃப்ளக்ஸ். அது தகரத்துக்கும் குழாய்க்கும் உரியது. எலக்ட்ரானிக்ஸ் பக்கம் கொண்டுவந்தால் சில மாதத்தில் கால்கள் பச்சை பூத்துவிடும். பெயர் அழிந்த பழைய ஃப்ளக்ஸ் பேஸ்ட் டப்பாவையும் அதே காரணத்துக்காக நம்ப வேண்டாம்; பலவற்றில் துத்தநாகக் குளோரைடு இருக்கும். டப்பாவில் "ரோசின்" என்று தெளிவாக இல்லாவிட்டால் ஒதுக்கி வையுங்கள்.

கற்றுக்கொள்ள எந்தச் சால்டர் என்று கேட்டால், காரீயம் கலந்ததுதான் என்பேன். 63/37 கலவை (டின் 63, காரீயம் 37 சதவீதம்) 183 டிகிரியில் ஒரே மூச்சில் உருகி ஒரே மூச்சில் உறையும். 60/40 அதே 183இல் இளகத் தொடங்கி 190ஐ ஒட்டி முழுக்க உருகும். அந்தச் சிறு இடைவெளியில் கை நடுங்கினால் இணைப்பு பொரிந்துபோகும். காரீயம் போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோஸ் விதி 2006 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பிறகு தொழிற்சாலைகள் பெரும்பாலும் காரீயம் இல்லாத சால்டருக்கு மாறிவிட்டன. டின், வெள்ளி, செம்பு கலந்த சாக்305 உருக 217 முதல் 220 டிகிரி வேண்டும். டின்னும் செம்பும் மட்டும் கலந்தது 227. வெப்பக் கட்டுப்பாடு இல்லாத 25 வாட் பழைய அயர்ன் அதோடு மல்லுக்கட்டும். புது போர்டுகளை ரிப்பேர் செய்யும்போது பழைய அயர்ன் திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த இடத்தில் உங்கள் காரீயச் சால்டரைக் கொஞ்சம் சேர்த்து உருக்கினால் கலவை இளகும் வெப்பம் இறங்கி, வேலை சுலபமாகும்.

கம்பி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் பெரும்பாலான வேலைக்குப் போதும்.

மற்ற சாமான்கள்

உருகிய ஈயத்தை இழுத்தெடுக்கும் சக்கர் உறிஞ்சவில்லை என்றால் கழற்றிப் பாருங்கள்; உள்ளே ஈயச் செதில் அடைத்திருக்கும், அல்லது பிஸ்டனின் ரப்பர் வளையம் காய்ந்திருக்கும். துடைத்து, வளையத்துக்குச் சிலிக்கான் கிரீஸ் துளி தடவினால் போதும். மூக்கு உருகிக் கோணலாகியிருந்தால் நேராக வெட்டிவிட்டு, சூடு தாங்கும் சிலிக்கான் குழாயில் ஒரு சென்டிமீட்டர் துண்டை மேலே மாட்டுங்கள். பேடோடு (போர்டில் கால் ஒட்டும் செம்புத் திட்டு) ஒட்டி உட்கார்ந்து, புதிதாக இருந்தபோது உறிஞ்சியதைவிட நன்றாக உறிஞ்சும். பழுத்துப்போன டீசோல்டரிங் விக் (ஈயத்தை உறிஞ்சும் செம்புப் பின்னல்) ஈயத்தைக் குடிக்காது. ரோசின் ஃப்ளக்ஸ் தடவினால் குடிக்கும். ஸ்டாண்டின் ஸ்பாஞ்ச் கல்லாக இறுகியிருந்தால் தண்ணீரில் ஊறவையுங்கள், உப்பிக்கொள்ளும். பிழிந்தபின் ஈரம் இருக்கலாம், தண்ணீர் நிற்கக்கூடாது. பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் ஸ்பாஞ்சை அங்கே வைக்காதீர்கள், உருகி முனையில் ஒட்டும்.

துப்பாக்கி வடிவச் சால்டரிங் கன் கிடைத்தால் அது வேறு விலங்கு. கார்ல் வெல்லர் 1940களில் கொண்டுவந்த யோசனை: டிரான்ஸ்ஃபார்மரின் பருமனான செகண்டரியில் பெரிய கரண்ட் ஓடி, செம்புக் கம்பி முனையையே சூடாக்கும். அது சூடேறவில்லை என்றால் முனையைப் பிடிக்கும் நட்டுகளை அவிழ்த்து, தொடும் இடங்களைப் பளபளவென்று சுரண்டி, இறுக்கிப் போடுங்கள். பத்தில் எட்டு தடவை அதுதான் கோளாறு. தடித்த ஒயருக்கும் ஷாசிக்கும் வையுங்கள். ஐசி பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

வெல்லரின் மேக்னாஸ்டாட் ஸ்டேஷன் கிடைத்தால் விடாதீர்கள். அதில் வெப்பத்தைத் தீர்மானிப்பது முனையின் வால்பக்கம் இருக்கும் ஒரு காந்த உலோகத் துண்டு. குறிப்பிட்ட வெப்பத்தில் அது காந்தத்தால் இழுபடும் குணத்தை இழந்து சுவிட்சை விடுவிக்கும். ஆறினால் மறுபடி இழுக்கும். டக், டக் என்று சத்தம் வருவது கோளாறு அல்ல, அதுதான் அதன் மூச்சு. முனையில் 7 என்று இருந்தால் 700 ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 370 டிகிரி செல்சியஸ். 6 என்றால் சுமார் 315.

இப்போது சால்டர் செய்து பார்ப்போம்

நல்ல போர்டில் ஆரம்பிக்காதீர்கள். துளை போட்ட வெறும் போர்டு ஒன்று, பத்து இருபது ரெசிஸ்டர்கள், பழைய ஒயர் துண்டுகள் போதும்.

ரெசிஸ்டரின் காலைத் துளையில் விட்டு, பின்பக்கம் லேசாக விரித்துவிடுங்கள். முனையை ஈர ஸ்பாஞ்சில் ஓர் இழுப்பு இழுத்து, கம்பியால் ஒரு தொடு தொட்டு, நுனி மினுமினுப்பாக்குங்கள். அந்தத் துளி ஈயம்தான் சூட்டைப் பேடுக்குக் கொண்டுபோகும் பாலம். இப்போது முனையைப் பேடும் காலும் ஒரே நேரத்தில் தொடும்படி வையுங்கள். ஊசி முனையால் குத்தாமல், உளியின் தட்டையான பக்கத்தைப் படுக்க வையுங்கள். மனதில் ஒன்று, இரண்டு எண்ணிவிட்டு, கம்பியை முனைக்கு எதிர்ப்பக்கத்தில் காலில் கொடுங்கள். அயர்னில் உருக்கிச் சொட்டவைப்பது பழக்கமாகிவிட்டால் கடைசிவரை இணைப்பு வராது. கால் தானே சூடாகி ஈயத்தை இழுக்க வேண்டும். ஈயம் காலைச் சுற்றி ஓடியதும் கம்பியை எடுங்கள், பிறகு அயர்னை எடுங்கள். இந்த வரிசை மாறினால் கம்பி இணைப்போடு ஒட்டிக்கொண்டு வரும். உறையும்வரை ஊதாதீர்கள், அசைக்காதீர்கள்.

நல்ல இணைப்பு சின்னக் கூடாரம் மாதிரி இருக்கும்; பேடின் ஓரத்திலிருந்து கால்வரை உட்குழிவாக ஏறும். உருண்டையாகப் பந்து போல நின்றால் ஈயம் ஒட்டவில்லை, உட்கார்ந்திருக்கிறது அவ்வளவுதான். பொரபொரவென்று மங்கலாக இருந்தால் உறையும்போது அசைந்திருக்கிறது. காரீயம் இல்லாத சால்டர் நல்ல இணைப்பிலும் மங்கலாகத்தான் தெரியும் என்பதால் அங்கே பளபளப்பைப் பார்க்காமல் வடிவத்தைப் பாருங்கள். கெட்டதைச் சரிசெய்ய ஈயத்தை மேலே கொட்டாமல், துளி ஃப்ளக்ஸ் வைத்து மறுபடி சூடாக்குங்கள்.

நாலைந்து நொடியிலும் ஓடவில்லையா? அகலமான செம்புப் பரப்போடு சேர்ந்த பேடாக இருக்கும், சூட்டையெல்லாம் அதுவே குடித்துவிடுகிறது. முதலில் வரும் எண்ணம் இன்னும் நேரம் அழுத்துவோம் என்பது. அதில் பேட் பிய்த்துக்கொண்டு வரும். பெரிய முனை மாட்டுவதுதான் சரி. வெப்பம் மாற்றக்கூடிய கருவியில் காரீயச் சால்டருக்கு 320 முதல் 350, காரீயம் இல்லாததற்கு 350 முதல் 380 டிகிரி வைத்துத் தொடங்கினால் போதும். 450க்குத் திருகி வேலையை முடிக்கப் பார்ப்பவர்கள்தான் அடிக்கடி முனை வாங்குபவர்கள்.

கட்டுப்பாடு இல்லாத அயர்ன் ஸ்டாண்டிலேயே மணிக்கணக்கில் முழுச்சூட்டில் வேகும். அதற்கு ஒரு பழைய உத்தி: ஒயரில் லைன் வழியில் 1என்4007 டையோடைத் தொடராகப் போட்டு, அதற்கு இணையாக ஒரு சுவிட்ச். சுவிட்ச் மூடியிருந்தால் முழுச்சக்தி. திறந்தால் பாதி அலைதான் போகும், பாதிச் சக்தி. 230 வோல்ட்டில் 25 வாட் அயர்ன் இழுப்பது 0.11 ஆம்பியர்தான், டையோடுக்கு அது தூசு. ஆனால் இது மெயின்ஸ் வேலை. மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள், மெயின்ஸ் கை பழகிய ஒருவரோடு உட்கார்ந்து செய்யுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஸ்டேஷனுக்கு இதைப் போடவே கூடாது, டிரான்ஸ்ஃபார்மர் பொசுங்கிவிடும்.

புகையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூக்குக்கு வரும் புகை காரீயம் அல்ல, எரியும் ரோசின்; இந்த வெப்பத்தில் காரீயம் ஆவியாவதில்லை என்றே சொல்லலாம். ஆனால் ரோசின் புகை ஆஸ்துமாவைக் கிளப்பும், வேலைக்கு நேர்மேலே தலை குனிந்திருந்தால் நேராக முகத்துக்கு வரும். சின்ன ஃபேன் ஒன்றைப் புகையை இழுத்து அப்பால் தள்ளும்படி வையுங்கள். காரீயம் உடம்புக்குள் போவது கை வழியாக. வேலை முடித்ததும் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் வாயில் வைக்காதீர்கள். கம்பியைப் பல்லில் கடித்துப் பிடிக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு, எனக்கும் இருந்தது. சின்னக் குழந்தைகள் தவழும் தரையில் ஈயத்துளிகள் கிடக்கவும் கூடாது.

நாள் முடியும்போது ஸ்பாஞ்சில் முனையைப் பளிச்சென்று துடைத்துவிட்டு சுவிட்சை அணைப்பது கை தானாகச் செய்கிற காரியம். அதை மாற்றுங்கள். துடையுங்கள், பிறகு கம்பியை எடுத்து நுனி முழுக்கத் தடிமனாக, ஒரு மிளகளவு ஈயத்தை உருக்கி மூடுங்கள், அதற்குமேல் துடைக்காமல் அணைத்துவிடுங்கள். ஆறும்போதும் அடுத்த தடவை சூடேறும்போதும் ஆக்சைடு அந்த ஈயத்தில்தான் படியும். அடுத்த வாரம் சுவிட்சைப் போட்டு, இளகியதும் அதை ஸ்பாஞ்சில் ஓர் இழுப்பு இழுத்தால் அடியில் நுனி வெள்ளையாக இருக்கும்.